டர்பனில் குடியிருந்து வெளியூரில் வேலை பார்க்க

தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரமான டர்பனில் வீடு, அங்கிருந்து எண்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வேலை என்று சொன்னால், கேட்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். ‘எல்லாரும் ஊருக்குள் வரும் நேரத்தில் நீங்கள் வெளியே போகிறீர்கள், சாலை காலியாகத்தானே இருக்கும்’ என்பார். அல்லது, ‘அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்ளக் கூடாதா’ என்பார். முதலாவது பாதிதான் உண்மை. இரண்டாவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பதில் இருக்கிறது. மனைவிக்கு டர்பனில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பழகிவிட்டது, அம்மாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும், சனிக்கிழமை காலையில் சாட்ஸ்வர்த் புறநகரின் பங்களாதேஷ் சந்தைக்குப் போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வர வேண்டும். அலுவலகம் ஒருவருக்கு, ஊர் நால்வருக்கு என்று ஆகிவிட்ட பிறகு, அந்த ஒருவர் நெடுஞ்சாலையில் போய்வருவதுதான் கணக்குக்குச் சரியாக வருகிறது.

நான் அப்படி ஆறு ஆண்டுகளாகப் போய்வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து, முதல் மாதத்திலேயே வீடு பிடிக்க வேண்டிய அவசரத்தில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கேயே நாலைந்து தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு இதில் பாதி தெரிந்த செய்தியாகவே இருக்கும்.

ஊரின் வாசலைப் பார்த்து வீடு பாருங்கள்

டர்பன் கடலோரமாக அரைவட்டத்தில் கிடக்கும் ஊர். கிழக்கே இந்தியப் பெருங்கடல் என்பதால், ஊரைவிட்டு வெளியேற மூன்று வாசல்கள்தான் உண்டு. வடக்கே டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் போக என்2 நெடுஞ்சாலையும் கடலை ஒட்டிய எம்4 சாலையும். மேற்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக என்3 நெடுஞ்சாலையும் பழைய எம்13 சாலையும். தெற்கே அமான்சிம்டோட்டி, உம்கோமாஸ் பக்கம் போக மறுபடியும் என்2. இந்த என்2, என்3 இரண்டும் வெஸ்ட்வில்லுக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று கடக்கும் சந்திப்பில் மேம்பாலங்கள் பின்னிக்கிடக்கின்றன. அதை எல்லாரும் ஸ்பகெட்டி ஜங்ஷன் என்கிறார்கள், நாம் பெயர் வைத்திருந்தால் இடியாப்பச் சந்திப்பு என்று வைத்திருப்போம்.

வீடு தேடுகிறவர் எல்லாரும் முதலில் கேட்பது, வீட்டிலிருந்து வேலையிடம் எத்தனை கிலோமீட்டர் என்பது. வெளியூருக்குப் போகிறவர் கேட்க வேண்டியது அதுவன்று; வீட்டு வாசலிலிருந்து தாம் வெளியேற வேண்டிய ஊர் வாசலுக்கு எத்தனை நிமிடம் என்பதே கேள்வி. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு எண்பது கிலோமீட்டர் என்பது பெரும்பாலான நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற, ஏறக்குறைய மாறாத தூரம். ஏறுவதற்கு முன் இருக்கும் நாலைந்து கிலோமீட்டர்தான் ஒரு நாள் எட்டு நிமிடமும் மறுநாள் முப்பத்தைந்து நிமிடமுமாக நம்மை ஆட்டி வைக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில், தெரிந்த குடும்பம் ஒன்று பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஃபீனிக்ஸில் வீடு எடுத்தேன். வரைபடத்தில் பார்த்தால் வேலைக்குப் போகும் தூரத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் ஃபீனிக்ஸ் வடக்கு வாசலில் இருக்கும் ஊர், என் வேலையோ மேற்கு வாசலுக்கு வெளியே. ஆகவே தினமும் காலையில், நகரத்துக்குள் வேலைக்கு வருகிற அத்தனை பேரோடும் சேர்ந்து என்2ல் தெற்கு நோக்கி ஊர்ந்து, ஸ்பகெட்டி ஜங்ஷனில் அவர்களிடம் விடைபெற்ற பிறகுதான் எனக்குரிய காலிச் சாலை தொடங்கியது. பெயருக்கு எதிர்த்திசைப் பயணம். நடப்பில் முதல் பாதி முழுவதும் கூட்டத்தின் திசையிலேயே. ஓர் ஆண்டு முடிந்ததும் ரெசர்வாயர் ஹில்ஸில் ஒரு அவுட்பில்டிங்குக்கு (வீட்டுக்காரரின் வளாகத்துக்குள்ளேயே தனியாகக் கட்டிய சிறு வீடு) மாறினோம். வாடகை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் காலையில் தேநீரை உட்கார்ந்து குடிக்க நேரம் கிடைத்தது.

எனவே வேலை மேற்கே என்றால் ரெசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில், கிளேர் எஸ்டேட், ஷெர்வுட் ஆகிய பகுதிகளில் தேடுங்கள். வடக்கே என்றால் ஃபீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கோம், வெருலம். தெற்கே என்றால் சாட்ஸ்வர்த், மெர்பேங்க், இசிபிங்கோ. சாட்ஸ்வர்த்தின் ஹிகின்சன் நெடுஞ்சாலை நேராக என்2ல் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதில் ஒரு முரண் உண்டு. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் நகரத்தின் நடுப்பகுதிகளிலிருந்து இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து, 1960களில் சாட்ஸ்வர்த்திலும் 1970களில் ஃபீனிக்ஸிலும் ஊரின் விளிம்பில் குடியேற்றினார்கள். நகரத்துக்குள் வேலைக்குப் போக அந்தத் தலைமுறை விடியற்காலைப் பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்தது. அதே விளிம்புதான் இன்று வெளியூருக்குப் போகிறவருக்கு வசதியான இடமாக இருக்கிறது.

மூன்று சாலைகளும் ஒன்றல்ல

வடக்குச் சாலையில் போகிறவர் ஏமாறுவது எளிது. டர்பனின் அலுவலகங்களும் கடைவளாகங்களும் பல ஆண்டுகளாக உம்ஷ்லாங்கா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. 2010 மே மாதத்தில் கிங் ஷாக்கா விமான நிலையம் லா மெர்சியில் திறக்கப்பட்ட பிறகு அந்த இழுப்பு இன்னும் கூடிவிட்டது. ஆகவே காலையில் ஊரைவிட்டு வடக்கே போகும் என்2 காலியாக இராது. உம்ஷ்லாங்கா, மவுண்ட் எட்ஜ்கோம் விலக்குகள் (நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் வழிகள்) வரை அது வேலைக்குப் போகிறவர்களால் நிரம்பி, அதற்கு அப்பால்தான் திடீரென்று திறந்துகொள்ளும். டோங்காட்டிலோ பாலிட்டோவிலோ ஸ்டாங்கரிலோ வேலை என்றால், இந்த விலக்குகளுக்கு வடக்கே, அதாவது வெருலம் பக்கம் குடியிருப்பது மிகப் பெரிய வித்தியாசத்தைத் தரும். டோங்காட் அருகே என்2ல் சுங்கச்சாவடி ஒன்று உண்டு. சுங்கம் கொடுக்க விரும்பாதவர்கள் எம்4 சாலையில் போவார்கள். கரும்பு வெட்டும் காலத்தில், ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, கரும்பு ஏற்றிய லாரிகள் சாலையில் தோகையைச் சிந்திக்கொண்டு மெதுவாகப் போகும். வெட்டுவதற்கு முன் வயலுக்குத் தீ வைக்கும் நாட்களில் புகை சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். புகைக்குள் நுழைந்தால் வேகத்தைக் குறைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய நம்மவர்களை இந்த நாட்டுக்கு வரவழைத்ததே இந்தக் கரும்புதான் என்பது, கண்ணாடியில் படியும் சாம்பலை வைப்பர் தள்ளும்போது எனக்குத் தவறாமல் நினைவுக்கு வரும்.

தெற்குச் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இசிபிங்கோவை ஒட்டிய ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டையில் டொயோட்டா ஆலை இருக்கிறது; ஷிஃப்ட் மாறும் நேரங்களில் மட்டும் அந்த விலக்கைத் தவிர்த்துக்கொண்டால், அமான்சிம்டோட்டியைத் தாண்டி உம்கோமாஸ், ஸ்காட்பர்க் வரை காலைப் பயணம் இதமானது, இடப்பக்கம் கடல் கூடவே வரும்.

மேற்குச் சாலைதான் விரிவாகப் பேச வேண்டியது. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் அறுநூறு மீட்டர் உயரத்தையொட்டி இருக்கிறது, ஆனால் இடையில் உம்லாஸ் ரோடு அருகே சாலை எண்ணூறு மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. அதாவது காலைப் பயணத்தின் பெரும்பகுதி ஏற்றம். இந்த ஏற்றத்தில் உங்களுக்குத் துணையாக வருபவை கார்கள் அல்ல, லாரிகள். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்று டர்பன். அங்கே இறங்கும் சரக்கில் பெரும்பகுதி ஜோஹானஸ்பர்க்குக்குப் போகும் சாலை இது. சாலையின் வேகவரம்பு 120 என்றாலும் கனரக லாரிகளுக்கு 80தான், ஏற்றத்தில் அவை அதில் பாதி வேகத்தில் ஊர்வதைக் காணலாம். அப்படி ஊரும் லாரியை இன்னொரு லாரி முந்தப் பார்க்கும்போது இரண்டு தடங்களும் அடைபட்டு, பின்னால் வருகிற நாம் 110லிருந்து சட்டென்று 40க்கு இறங்க வேண்டியிருக்கும். இந்தச் சாலையில் நடக்கும் விபத்துகளில் பலவற்றுக்கு இந்த வேக வித்தியாசமே காரணம். மேட்டில் ஏறும்போது முன்னால் மூன்று வண்டிகளுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்த்து ஓட்டும் பழக்கம் இங்கே கட்டாயம். இறக்கத்தில் லாரிக்கு நேர் முன்னால் போய் ஒண்டிக்கொள்ளாதீர்கள். பிரேக் சூடேறிப் போன லாரி எங்கே நிற்கும் என்று அதன் ஓட்டுநருக்கே தெரியாது. பைன்டவுனுக்கு மேலே எம்13ல் இருக்கும் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013 செப்டம்பரில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து வந்து மோதியதில் இருபத்துநான்கு பேர் இறந்தார்கள்.

என்3ல் மரியான்ஹில் சுங்கச்சாவடி இருக்கிறது. கட்டணம் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மாறும். தினமும் போகிறவர் ஈ-டேக் (நிற்காமலே சுங்கத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் மின்னணு வில்லை) ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது நல்லது, ஏனெனில் மாலையில் காசு கொடுக்கும் வரிசையில் காத்திருப்பது சுங்கத்தைவிடக் கசப்பானது. எம்13 சாலை வெஸ்ட்வில், பைன்டவுன், க்ளூஃப், ஹில்கிரெஸ்ட் வழியாகச் சுங்கம் இல்லாமல் ஏறி, கீ ரிட்ஜ் பக்கம் என்3ல் சேர்கிறது. நேரம் கூடுதல் என்றாலும் மரங்களுக்கு நடுவே போகிற அழகான வழி. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே என்3ஐ அகலப்படுத்தும் பணி பகுதி பகுதியாக நடக்கிறது, இது ஓரிரு ஆண்டில் முடிகிற காரியம் அன்று. ஆகவே ஆர்103 என்னும் பழைய சாலையையும் ஒரு சனிக்கிழமை பகலில் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாமர்ஸ்டேல், கேட்டோ ரிட்ஜ், கேம்பர்டவுன் ஆகிய விலக்குகளில் எங்கே இறங்கி எங்கே திரும்ப ஏறலாம் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். முன்னால் விபத்து என்று போன் சொல்லும்போது அடுத்த விலக்கு வர இரண்டு நிமிடம்தான் இருக்கும். அப்போது வரைபடத்தை விரித்துப் படிக்க முடியாது.

வெயிலும் இருட்டும் மூடுபனியும்

எதிர்த்திசைப் பயணத்தின் உண்மையான வரம் காலிச் சாலை அன்று, வெயில். காலையில் மேற்கே போகிறோம், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மாலையில் கிழக்கே திரும்புகிறோம், அப்போதும் அது முதுகுக்குப் பின்னால்தான். எதிர்த்தடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வருகிறவர்களைக் காலையில் பாருங்கள்: சன்வைசரை இறக்கி, ஒரு கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி ஓட்டுவார்கள். அவர்களுக்கு இரண்டு வேளையும் வெயில் முகத்தில் அடிக்கிறது. அவர்கள் கண் கூசும் நேரத்தில் தடம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இருட்டு அப்படியில்லை, அது எல்லாருக்கும் பொது. ஜூன் மாதத்தில் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதித்து, மாலை ஐந்து மணி தாண்டியதும் மறைந்துவிடும். எட்டு மணி வேலைக்குப் போகிறவர் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவார். வேலையில் சேரும்போதே காலை ஏழு முதல் மாலை நான்கு வரை என்று நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். இந்த நாட்டில் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிப்பது புதுமையான வழக்கம் அன்று, பல இடங்களில் தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். இருட்டிய பிறகு டயர் பஞ்சரானால் சாலையோரத்தில் நிறுத்தி மாற்றாதீர்கள். ரிம் கெட்டாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சம் உள்ள பெட்ரோல் நிலையம் வரை போய்விடுங்கள். சாலைக்கு மேலே செல்லும் பாலங்களுக்கு அடியில் நிற்கக் கூடாது. மேலிருந்து கல் போட்டு வண்டியை நிறுத்தவைத்துக் கொள்ளையடித்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. கைப்பையும் மடிக்கணினியும் இருக்கையில் கிடக்க வேண்டாம், வீட்டிலேயே டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். ஊருக்குள் ரோபோவில் (சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பெயர்) நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. அவசரத்துக்குக் கைபேசியில் 112, காவல்துறைக்கு 10111.

மூடுபனி கீ ரிட்ஜிலிருந்து உம்லாஸ் ரோடு வரை எந்த நேரத்திலும் இறங்கும். டர்பனில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே மேலே பத்து மீட்டர் முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகலாம். ஒருமுறை அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் மங்கிய சிவப்புப் புள்ளிகள் இரண்டு நெடுநேரம் ஒரே அளவாகத் தெரிந்தன. நல்ல வண்டி, சீராகப் போகிறது என்று நம்பிப் பின்தொடர்ந்தேன். திடீரென்று அவை பெரிதாகின. அது ஏற்றத்தில் நின்றேவிட்ட ஒரு லாரி. இடப்புற ஓரத்தடம் காலியாக இருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து மூடுபனியில் யாருடைய பின்விளக்கையும் வழிகாட்டியாக வைத்துக்கொள்வதில்லை. சாலையோர வெள்ளைக்கோட்டையே பார்த்துக்கொண்டு, நிற்க முடிகிற வேகத்தில்தான் ஓட்டுகிறேன்.

நம் திசைக்குக் கூட்டம் வரும் நாட்கள்

வெளியே போய் உள்ளே திரும்புகிறவருக்கு வெள்ளிக்கிழமை மாலைதான் கண்டம். உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு வருகிற கூட்டம் அன்று உங்கள் தடத்தில் வரும். பெரிய வெள்ளிக்கு முந்தைய வியாழக்கிழமையும், டிசம்பர் நடுவில் தொழிற்சாலைகள் மூடும் நாளும் அதைவிடக் கடுமையானவை. ஜோஹானஸ்பர்க்கே புறப்பட்டு டர்பனுக்கு இறங்கிவருவதுபோல் இருக்கும். அந்த வியாழக்கிழமையில் அரைநாள் விடுப்பு எடுத்துவிடுங்கள். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கும் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள் என்பதால், மருத்துவமனை, காவல்பணி என்று அன்றும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பகுதிச் சாலைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காம்ரேட்ஸ் மராத்தான் நாளில் பழைய சாலைகளை நம்பிக் கிளம்பக் கூடாது. 1921 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயம் அது, ஓடுகிறவர்களுக்குத்தான் சாலை.

பிறகு, யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நாட்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் என்3 நாட்கணக்கில் முடங்கியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வடக்கே எம்4 சாலை துண்டிக்கப்பட்டது, ரயில் தடங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இப்படிப்பட்ட நாளுக்காக வேலை செய்யும் ஊரில் ஓர் இரவு தங்க ஒரு வீடு வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நார்த்டேலும் ரெய்ஸ்தோர்ப்பும் நம்மவர்கள் நிறைய வாழும் இடங்கள். உடன் வேலை பார்க்கும் யாரிடமாவது முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் டர்பன் வரும்போது உங்கள் வீட்டில் ஒரு சாப்பாடு என்பதுதான் வாடகை. டிக்கியில் ஒரு மாற்று உடுப்பு, ஐந்து லிட்டர் தண்ணீர், அன்றாட மருந்து, போர்வை. பெட்ரோல் எப்போதும் அரை டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது.

வண்டியின் கணக்கு

ஒரு வழிக்கு 80 கிலோமீட்டர், மாதம் 21 நாள் என்றால் 3,360 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும் சிறிய காருக்கு மாதம் 235 லிட்டர் பெட்ரோல். அதை அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். விலை மாதத்தின் முதல் புதன்கிழமையில் மாறும், ஏறப்போகிறது என்றால் செவ்வாய்க்கிழமை மாலையே நிரப்பிவிடுவது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். கடற்கரையில் விலை குறைவு, உள்நாட்டுக்குப் போகப் போக ஏறும். ஆகவே டர்பனிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெட்ரோலை நாமே ஊற்றிக்கொள்வதில்லை, ஊற்றிவிட்டுக் கண்ணாடியையும் துடைத்துத் தருகிறவருக்கு ஐந்து ரேண்டாவது கொடுப்பது முறை.

பெட்ரோலோடு கணக்கு முடிவதில்லை. விடுப்பு நாட்களைக் கழித்தாலும் ஆண்டுக்கு 37,000 கிலோமீட்டர் ஓடும். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் ஆண்டுக்கு இரண்டுக்கு மேல். ஒரு செட் டயர் ஓராண்டு சொச்சம்தான் வரும். ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தரப்பட்ட வாரன்டி மூன்று ஆண்டு முடியும் முன்பே தீர்ந்துவிடும். சம்பளத்தைப் பேசும்போது இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வருவதை வருமான வரித்துறை சொந்தப் பயணமாகவே கருதுகிறது, அதற்கு வரிக்கழிவு கிடையாது. பயணப்படி வாங்குகிறவர்கள் அலுவல் பயணங்களுக்கு மட்டும் நாள், தூரம், காரணம் எழுதிய பதிவேடு வைத்திருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம், வண்டியைத் தினமும் ஓட்டுபவர் யார், இரவில் எங்கே நிற்கும், தினம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும், விபத்துக்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு அதுவே பதில்.

வண்டி இல்லாதவருக்கு

1893 ஜூன் 7 இரவு காந்தியைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிட்டது, டர்பனிலிருந்து போன ரயில்தான். இன்று வேலைக்குப் போகிறவர் அந்த ரயிலை நம்பித் திட்டம் போட முடியாது. புறநகர் ரயில்கள் திரும்ப ஓடத் தொடங்கிய தடங்களிலும், அவை காலையில் நகரத்துக்கு ஆள் கொண்டுவருவதற்காகவே நேரம் குறிக்கப்பட்டவை.

மிச்சம் இருப்பது டாக்சி. இங்கே டாக்சி என்றால் பதினாறு பேர் அமரும் டொயோட்டா வேன். வார்விக் ஜங்ஷன் பகுதியிலிருந்து எல்லாத் திசைக்கும் போகிறது. கூலியைப் பின்னிருக்கையிலிருந்து கைமாற்றி முன்னுக்கு அனுப்புவார்கள், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எண்ணிச் சில்லறை கொடுக்க வேண்டும். கணக்கில் தடுமாறுகிறவர்கள் அந்த இருக்கையைத் தவிர்ப்பது நலம். எதிர்த்திசைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. டாக்சி நிறைந்தால்தான் கிளம்பும். காலையில் ஊருக்குள் வருகிற டாக்சி ஐந்து நிமிடத்தில் நிறையும். ஊரைவிட்டுப் போகிற டாக்சி பதினாறாவது ஆளுக்காக அரைமணி நேரம்கூட நிற்கும். கூட்டம் இல்லாத திசை என்பது காரில் போகிறவருக்கு வரம், டாக்சியில் போகிறவருக்குக் காத்திருப்பு.

ஆகவே பலரும் லிஃப்ட் கிளப்பில்தான், அதாவது செலவைப் பகிர்ந்து ஒரே காரில் சேர்ந்து போகும் குழுவில்தான், வந்து சேர்கிறார்கள். எங்கள் கிளப்பில் நால்வர்: நான், வெஸ்ட்வில்லிலிருந்து ஒரு ஆசிரியை, பைன்டவுனில் ஏறும் ஜூலு நண்பர் ஒருவர், மரியான்ஹில்லில் ஏறும் கணக்கர் ஒருவர். வாரத்துக்கு ஒருவர் வண்டி. பெட்ரோல், சுங்கம் இரண்டையும் கூட்டி நாலாக வகுத்து, டயருக்கும் சர்வீஸுக்கும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சேர்த்துக்கொள்கிறோம். டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, அதில்தான் எல்லாம். லாபம் வைத்து ஆள் ஏற்றினால் அது லிஃப்ட் கிளப் ஆகாது, உரிமம் வாங்க வேண்டிய தொழிலாகிவிடும், காப்பீடும் கைகொடுக்காது. தொடக்கத்தில் எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது காசால் அன்று, காத்திருப்பால். ஒருவர் தினமும் நான்கு நிமிடம் தாமதிப்பார், அடுத்தவர் அதை ஈடுகட்ட வேகமாக ஓட்டுவார். கடைசியில் மூன்று நிமிடத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்பதில்லை, விட்டுப் போனாலும் கோபித்துக்கொள்வதில்லை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு விட்டுப் போகப்பட்டது இரண்டே முறை, இரண்டு முறையும் நான்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

வாடகை வீட்டில் மூன்றைக் கேளுங்கள்: மின்சாரம் ப்ரீபெய்ட் மீட்டரா, தண்ணீர்த்தொட்டி உண்டா, வண்டி கேட்டுக்குள் நிற்குமா. 2022 வெள்ளத்தில் நீர்நிலையங்கள் சேதமான பிறகு வடக்குப் பகுதிகளில் குழாய்த் தண்ணீர் நாட்கணக்கில் வராத காலங்கள் இருந்தன. ஜோஜோ தொட்டி (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம், விடியற்காலை ஐந்து மணிக்குக் குளித்துக் கிளம்ப வேண்டியவர் நீங்கள். முன்பணத்தை வீட்டுக்காரர் வட்டி தரும் கணக்கில் போட்டுவைத்து, வீட்டைக் காலி செய்யும்போது வட்டியோடு தர வேண்டும் என்பது சட்டம். குறித்த கால ஒப்பந்தமாக இருந்தாலும், இருபது வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து வெளியேறும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. வீட்டுக்காரர் நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். வேலையிடம் மாறினால் ஊரின் வாசலும் மாறிவிடும் என்பதால் இந்த உரிமை நமக்கு மற்றவர்களைவிட அதிகம் பயன்படும்.

வீடு பிடித்திருந்தால் அன்றே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்தத் தெருவில், நீங்கள் கிளம்பப்போகும் அதே நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து வேலையிடம் வரை ஓட்டிப் பாருங்கள். திரும்புவதை ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் ஓட்டிப் பாருங்கள். பள்ளி விடுமுறை வாரத்தில் இதைச் செய்தால் பயனில்லை, ஏனெனில் நெடுஞ்சாலை விலக்குக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது அப்போது உங்கள் கண்ணில் படவே படாது.